ஒரு குண்டுக்கு எவ்வளவு?

பொருட்காட்சியில் பலூன் சுடாதவர்கள் நம் ஊரில் குறைவு. குழல் சற்றுக் கோணலாக இருக்கும், குறிமுள் ஆடும், கடைக்காரர் அவசரப்படுத்துவார். ஆனாலும் இரண்டு பலூன் வெடித்துவிட்டால் வீடு வந்து சேரும்வரை அதே பேச்சுதான். அந்த ருசி பிடித்துப்போய், ஒழுங்கான இடத்தில் ஒழுங்கான துப்பாக்கியை வைத்துச் சுட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களோடு திரும்பிய பிறகு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோரும் கூடினார்கள். அதற்கு முன்பே, 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் குமார் சுட வந்தபோது திரண்ட கூட்டத்தால், அப்படி ஒரு விளையாட்டு நம் ஊரில் நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியவந்தது. ஐம்பதைத் தாண்டிய வயதில் அவர் போட்டிக்கு நின்றது, 'நமக்கு வயசாகிவிட்டதே' என்று தயங்கியவர்களுக்கும் ஒரு தெம்பு.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "கிளப்பில் சேர எவ்வளவு சார் ஆகும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. சேரும் கட்டணம் ஒருமுறை கட்டுவது. இந்த விளையாட்டு காசைக் கறப்பது வாரா வாரம், கொஞ்சம் கொஞ்சமாக. ஆகவே கேட்க வேண்டியது வேறு: மாதம் எத்தனை முறை வரப் போகிறோம், எத்தனை குண்டு சுடப் போகிறோம், ஒரு குண்டுக்கு எவ்வளவு விழுகிறது? இதைக் கணக்குப் போட வேண்டுமானால், சுடுதளம் என்பது என்ன, அங்கே எதற்கெல்லாம் பணம் போகிறது என்று தெரிய வேண்டும்.

'ஷூட்டிங் ரேஞ்ச்' என்ற ஒரே பலகைக்குப் பின்னால் இரண்டு வேறு வேறு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, காற்றுத் துப்பாக்கிக்கான 10 மீட்டர் தளம். பத்து மீட்டர் என்றால் முப்பத்து மூன்று அடி. நிற்க, நடக்க இடம் சேர்த்தால் ஒரு சுமாரான கல்யாண மண்டபத்தின் டைனிங் ஹாலே போதும். வணிக வளாகத்தின் மாடியிலும் பள்ளிக்கூட ஹாலிலும் தனியார் அகாடமிகள் முளைப்பது இதனால்தான். காற்றுத் துப்பாக்கியின் பெல்லட் அரை கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. டார்கெட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி இருந்தால் அதில் மோதித் தகடாகி விழுந்துவிடும்.

மற்றொன்று, நெருப்புத் துப்பாக்கிக்கான தளம். 25 மீட்டரில் பிஸ்டல், 50 மீட்டரில் ரைபிள். இரண்டிலும் பெரும்பாலும் பாயிண்ட் டூ டூ தோட்டா. அளவில் சிறியதுதான், ஆனால் தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். இதற்கு நிலம் வேண்டும், உயரமான மண் கரை வேண்டும், பக்கச் சுவர் வேண்டும், தவறி மேலே எழும் குண்டைத் தடுக்கக் குறுக்குத் தடுப்புகள் வேண்டும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். 2021 டிசம்பர் 30ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்தில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் சுடுதளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, வெகுதூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் பையன் இறந்துபோனான். அது படைகள் பயன்படுத்தும் பெரிய துப்பாக்கிகளுக்கான தளம். நாம் பேசும் விளையாட்டுத் தளங்கள் வேறு. என்றாலும் கரையும் தடுப்பும் எதற்கு என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் சொல்லிவிட முடியாது. 50 மீட்டர் தளம் வைத்திருக்கும் கிளப்புகள் ஏன் இவ்வளவு குறைவு, அங்கே ஏன் இத்தனை கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் ரைபிள் கிளப்புகள் பெரும்பாலும் காவல்துறையின் நிழலில் வளர்ந்தவை. சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. பல மாவட்டங்களில் ஆட்சியரோ காவல்துறை உயரதிகாரியோ பதவி வழியாக கிளப்பின் தலைவராக இருப்பார். கோவை, மதுரை, திருச்சி, புதுக்கோட்டை என்று பழக்கமுள்ள ஊர்கள் பல. புதுக்கோட்டைக்குச் சமஸ்தானக் காலத்துத் தொடர்பே உண்டு. அந்த அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் என்னும் ஷாட்கன் பிரிவில் சுட்டவர். இந்தக் கிளப்புகள் மாநில சங்கத்தோடும், அதன் வழியாக 1951இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தோடும் இணைந்தவை. அரசே நடத்தும் தளங்களில் பெரியது டில்லி துக்ளகாபாதில் உள்ள டாக்டர் கர்ணி சிங் தளம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டி, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்தது. ஐந்து ஒலிம்பிக்கில் சுட்ட பிகானீர் மகாராஜாவின் பெயர் அதற்கு.

புதிதாக வருபவர் தொடங்கும் இடம் 10 மீட்டர் தளம். அதை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

உள்ளே போனதும் ஒரு நீண்ட மேசை வரிசை. அதுதான் ஃபயரிங் பாயிண்ட். ஆளுக்கு ஒரு லேன், லேனுக்கு ஒரு எண். எதிரே தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் டார்கெட். நாம் நிற்கும் பக்கம் மங்கலாக இருக்கும், டார்கெட் மீது மட்டும் வெளிச்சம் கொட்டும். சர்வதேச விதிப்படி டார்கெட்டில் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். பார்க்கப் போகும்போது இதைக் கவனியுங்கள். ட்யூப் லைட் ஒன்று முணுக்முணுக்கென்று எரியும் தளத்தில் மாதக் கணக்கில் சுட்டால் கண்தான் சோரும்.

பழைய மாதிரித் தளத்தில் டார்கெட் என்பது காகித அட்டை. ஒரு சட்டத்தில் செருகி, கைப்பிடியைச் சுற்றினால் கயிற்றில் ஓடிப் போய் எதிர்முனையில் நிற்கும். சுட்டதும் திரும்பச் சுற்றி வரவழைத்து ஓட்டையைப் பார்க்க வேண்டும். புதிய தளங்களில் எலெக்ட்ரானிக் டார்கெட். குண்டு எங்கே போனது என்பதை ஒலியாலோ ஒளிக்கற்றையாலோ உணர்ந்து, மறு நொடியில் உங்கள் மேசைத் திரையில் காட்டிவிடும். சுவிட்சர்லாந்து, ஜெர்மனித் தயாரிப்புகள் பெயர் பெற்றவை, இந்தியத் தயாரிப்புகளும் வந்துவிட்டன. காகித லேனுக்கு ஒரு கட்டணமும் எலெக்ட்ரானிக் லேனுக்கு அதைவிடக் கூடுதலும் வாங்குவது வழக்கம். என்னைக் கேட்டால் முதல் சில மாதங்களுக்குக் காகிதமே நல்லது. திரை இருந்தால் கண் குறிமுள்ளை விட்டுவிட்டு மதிப்பெண்ணுக்குத் தாவும். கைப்பிடியைச் சுற்றும் நேரத்தில் கையும் கொஞ்சம் இளைப்பாறும்.

ரைபிள் டார்கெட் மொத்தமே 45.5 மில்லிமீட்டர் அகலம். அதன் நட்டநடுவே பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்தது போல. பெல்லட்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால் இது மனிதர்களால் ஆகிற காரியமாக இருக்கிறது. பிஸ்டலுக்குப் பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர். ஆனால் ஒரே கையில் தூக்கிப் பிடித்துச் சுட வேண்டுமே! போட்டி என்றால் 60 குண்டு, எலெக்ட்ரானிக் தளத்தில் 75 நிமிடம், அதற்கு முன் தயாராகவும் பழக்கக் குண்டு சுடவும் 15 நிமிடம். பொழுதுபோக்காக வருபவர் ஒரு தடவைக்கு நாற்பது, அறுபது குண்டு சுட்டாலே தோள் போதும் என்றுவிடும்.

பெல்லட்டை ஒன்று எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உடுக்கை மாதிரி இடை சிறுத்த ஈயத் துண்டு, தலை தட்டை. தலை தட்டையாக இருப்பதால்தான் காகிதத்தைக் கிழிக்காமல் துளையிடும் கருவி போல வட்டமாக வெட்டுகிறது, மதிப்பெண் பார்ப்பது சுலபமாகிறது. ஈயம் என்பதால் இன்னொரு விஷயம்: சுடும் இடத்தில் தின்பண்டம் கூடாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தளத்தைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்குகிறார்களா, ஈரத்துணியால் துடைக்கிறார்களா என்றும் பாருங்கள். உலர்வாகப் பெருக்கினால் ஈயத் தூசி எழும்பும். பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் ஏ.சி. இருக்கிறதா என்று கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

பாதுகாப்பு எப்படி என்று தெரிந்துகொள்ள விதிப் பலகையைப் படிக்க வேண்டியதில்லை, பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் போதும். சுடாத துப்பாக்கியின் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் சேஃப்டி ஃபிளாக், உள்ளே பெல்லட் இல்லை என்பதற்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி. 'ஸ்டாப்' என்று குரல் வந்ததும் எல்லாக் கையும் நிற்க வேண்டும். யாராவது டார்கெட் பக்கம் போகும்போது எவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. குழல் எந்நேரமும் டார்கெட் பக்கம் பார்த்திருக்க வேண்டும். துப்பாக்கியை அப்படியும் இப்படியும் திருப்பி செல்ஃபி எடுக்க விடுகிற தளம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சட்டம் பற்றிப் பயம் நிறைய இருக்கிறது, அதில் பாதி தேவையற்றது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் வரையிலான, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் எட்டு ஜூல் அளவில்தான் இருக்கும். வாங்கும்போது கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிப் பதிந்துகொள்வார். கொடுத்துவிடுங்கள், பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏர் பிஸ்டல் பார்வைக்கு நிஜப் பிஸ்டல் போலவே இருக்கும். ஆகவே பூட்டிய பெட்டியில், பில் நகலோடும் கிளப் அட்டையோடும் கொண்டுபோவது நல்லது. சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்வதைவிட அது எளிது. காக்கா, புறா என்று பறவைகளைச் சுட எடுத்தால் கதை வேறு, அது வனவிலங்குச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

நெருப்புத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் ரைபிள் கிளப்பில் சேர்வதன் பெரிய லாபமே இங்கேதான். கிளப்பின் பெயரில் லைசென்ஸ் உள்ள பாயிண்ட் டூ டூ ரைபிளை, தளத்துக்குள், பயிற்சிக்காக உறுப்பினர் எடுத்துச் சுடலாம். அவர் கையில் தனி லைசென்ஸ் இருக்க வேண்டியதில்லை. தோட்டாவும் கிளப் வழியாகவே வரும். சொந்தமாக வைத்துக்கொண்டு ஆர்மரி, புதுப்பித்தல், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு என்று அலைவதைவிட, வாரம் ஒருமுறை வருபவருக்கு கிளப் துப்பாக்கியே நிம்மதி. தேர்தல் நேரத்து ஒப்படைப்பிலிருந்து சங்கத்தில் பதிந்த போட்டி வீரர்களுக்கு விலக்கு உண்டு. பொழுதுபோக்குக்காரருக்கு அது தானாகக் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இனி, உறுப்பினர் ஆவது. அகாடமியில் சேர்வது டியூஷனில் சேர்வது மாதிரி. படிவம், ஆதார் நகல், மாதக் கட்டணம், மறுநாள் வகுப்பு. பணம் சில ஆயிரங்களில் இருக்கும். அதற்குள் துப்பாக்கியும் கோச்சும் அடக்கம், பெல்லட் அடக்கமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

கிளப் அப்படி அல்ல. பழைய உறுப்பினர்கள் இருவர் முன்மொழிய வேண்டும் என்பார்கள், மருத்துவச் சான்று கேட்பார்கள், காவல்துறைச் சரிபார்ப்பு நடக்கும், கமிட்டி கூட வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம். கட்டணமும் பல அடுக்கு: திரும்பக் கிடைக்காத நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஒவ்வொரு முறையும் லேன் கட்டணம், கிளப் துப்பாக்கி எடுத்தால் அதற்கு வாடகை. ஆயுள் உறுப்பினர் என்றால் சந்தா இல்லை, நுழைவுத் தொகை பெரிது. சிறிய மாவட்டக் கிளப்பில் சில ஆயிரத்தில் முடிவதும் உண்டு, பெருநகரத்தில் லட்சத்தைத் தொடுவதும் உண்டு. மாணவர்களுக்கும் காவல்துறையினருக்கும் பல இடங்களில் சலுகை இருக்கிறது. இது போக, போட்டிக்குப் போக ஆசைப்பட்டால் மாநில சங்க உறுப்பினர் கட்டணம், தேசிய சங்கத்தின் வீரர் அடையாள எண், போட்டிக்குப் போட்டி நுழைவுக் கட்டணம் என்று தனி வரிசை. ஆசை வராதவர் இவற்றைக் கட்ட வேண்டியதில்லை. சேரும்போதே எல்லாவற்றையும் ஒரே ரசீதில் போட்டுவிடும் இடங்கள் உண்டு, எது எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள்.

இப்போது கணக்கு. எண்கள் என் கற்பனை. உங்கள் ஊர் விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். பெல்லட் டப்பாவில் 500 இருக்கும், டப்பா ஆயிரம் ரூபாய் என்றால் ஒன்று இரண்டு ரூபாய். ஒரு தடவைக்கு 60 குண்டு. அகாடமி மாதம் 5,000, பெல்லட் தனி. கிளப்புக்கு நுழைவு 60,000, அதை ஐந்து ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 1,000. ஆண்டுச் சந்தா 6,000 என்றால் மாதம் 500. லேன் தடவைக்கு 100. மூன்றாவதாக, உறுப்பினர் ஆகாமலே தடவைக்கு 300 கட்டிச் சுடும் இடம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

மாதம் எட்டு முறை போகிறவர் 480 குண்டு சுடுகிறார். அகாடமியில் அவருக்கு மொத்தம் 5,960 ரூபாய், குண்டுக்குப் பன்னிரண்டரை. கிளப்பில் 3,260 ரூபாய், குண்டுக்கு ஏழு ரூபாய்க்குள். தடவைக்குக் கட்டும் இடத்தில் 3,360, அங்கும் குண்டுக்கு ஏழு ரூபாய்தான்.

அதே ஆள் உற்சாகம் வடிந்து மாதம் இரண்டு முறைக்கு வந்துவிட்டார் என்றால்? பெரும்பாலானோர் நாலாவது மாதத்தில் வந்து நிற்கும் இடம் அதுதான். அகாடமியில் குண்டுக்குக் கிட்டத்தட்ட 44 ரூபாய். கிளப்பில் 16. தடவைக்குக் கட்டும் இடத்தில் அப்போதும் ஏழே ரூபாய். அறுபதாயிரம் என்ற எண்ணைக் கேட்டு மலைத்தவர், மாதம் ஐந்தாயிரம்தானே என்று சேர்ந்துவிட்டு, குண்டுக்கு 44 கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஆக, வழி தெளிவாகவே இருக்கிறது. முதல் சில வாரம் உறுப்பினர் ஆகாமல் தடவைக்குக் கட்டிச் சுடுங்கள். அந்த வசதி இல்லாத ஊரில் அகாடமியில் மூன்று மாதம் மட்டும் சேருங்கள். அடிப்படை நிற்கும் நிலையும் மூச்சும் ட்ரிகர் பழக்கமும் கோச் இல்லாமல் வராது, அந்தக் காசு வீண் அல்ல. மூன்றாவது மாத முடிவிலும் வாரம் இருமுறை போய்க்கொண்டிருந்தால் கிளப்புக்கு விண்ணப்பம் போடலாம். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்ற வலையில் மட்டும் முதல் மாதம் விழ வேண்டாம்.

கட்டணப் பட்டியலில் வராத செலவு நேரம். கிளப் பெரும்பாலும் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். வார நாளில் உங்கள் ஆபீஸ் விடுவதற்குள் மூடிவிடும். ஞாயிறு ஒரு நாள்தான், அன்று எல்லோரும் வருவார்கள், லேன் கிடைக்காது. மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் போட்டியாளர்களுக்கே முன்னுரிமை. அதனால் சேர நினைக்கும் இடத்துக்கு, நீங்கள் வழக்கமாக வரப் போகும் அதே கிழமையில், அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை காலியாகக் கிடக்கும் இருபது லேனைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, ஞாயிறு காலை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். வேளச்சேரியிலிருந்து ஆவடிக்குப் போய் வருகிற பெட்ரோலும் குண்டின் விலையில் சேர்ந்ததுதான்.

ரைபிளா, பிஸ்டலா என்பதும் பணம் சார்ந்த கேள்வியே. ரைபிள்காரருக்குத் துப்பாக்கியோடு தடித்த கேன்வாஸ் ஜாக்கெட், கால்சட்டை, தட்டையடிக் காலணி, கையுறை எல்லாம் வேண்டும். துப்பாக்கியின் எடை ஐந்தரை கிலோ வரை போகலாம். ஜாக்கெட் இல்லாமல் நின்றால் முதுகு சொல்லிவிடும். சென்னைக் கோடையில் அதைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நிற்பது ஒரு தனித் தவம். பிஸ்டலுக்கு நல்ல ஷூ இருந்தால் போதும். அதனால் செலவைப் பார்க்கிற பெரியவர்களுக்கு நான் சொல்வது பிஸ்டல். கற்பது ரைபிளைவிடக் கடினம், முதல் மாத மதிப்பெண் மனதை நோகச் செய்யும், ஆனால் பை இலேசாக இருக்கும்.

சொந்தத் துப்பாக்கிக்கு அவசரப்படாதீர்கள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் போட்டி ரைபிள் இரண்டு லட்சத்துக்கு மேல். ஸ்டையர், மொரினி, பார்தினி பிஸ்டல்கள் லட்சத்துக்கு மேல். உள்நாட்டுத் துப்பாக்கிகள் இதில் சிறு பங்கு விலைக்கே கிடைக்கும், பழகுவதற்குப் போதுமானவை. தேசியப் போட்டியில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்து, விதிகள் சொல்லும் 'புகழ்பெற்ற வீரர்' தகுதி வந்தவர்களுக்கு இறக்குமதித் தீர்வையில் சலுகை உண்டு. அந்தக் கட்டம் வரும்வரை கிளப் துப்பாக்கியில் சுடுவது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

செலவே இல்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது: டிரை ஃபயர். பெல்லட் போடாமல், காற்று வெளியேறாமல், ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது. போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். பெரிய வீரர்களும் நாளெல்லாம் செய்வது இதுதான். சொந்தத் துப்பாக்கி இருந்தால் வீட்டுச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டு தினம் இருபது நிமிடம் பழகலாம். இதைச் செய்பவருக்கு வாரம் இரண்டு தடவைத் தளமே போதும்.

50 மீட்டருக்குப் போனால் ஒவ்வொரு குண்டும் நெருப்புத் தோட்டா, பெல்லட்டைப் போலப் பல மடங்கு விலை. அதையும் தாண்டியது ஷாட்கன். 110 மில்லிமீட்டர் களிமண் தட்டைக் காற்றில் வீசுவார்கள், 12 போர் துப்பாக்கியால் அதை உடைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. டிராப் பிரிவில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம், அப்படியானால் ஒரே சுற்றில் 50 தோட்டா வரை போகும், தட்டுக்கும் தனிக் காசு. தகுதிச் சுற்றே 125 தட்டு. இந்தப் பிரிவில் அரச குடும்பத்துப் பெயர்களும் ராணுவத்தினரும் அதிகம் தென்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஒருமுறை சுட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

செகண்ட் ஹேண்டில் காற்றுத் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பிளஸ் டூ வந்ததும் விளையாட்டை நிறுத்திவிடும் குடும்பங்கள் பல. அதனால் அதிகம் சுடாத நல்ல துப்பாக்கிகள் கிளப் அறிவிப்புப் பலகையில் அடிக்கடி விலைக்கு வரும். பேரம் பேசும் முன் குழலுக்குக் கீழே உள்ள காற்றுச் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரம் அது, தயாரித்த தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். அதன் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. தேதி கடந்த சிலிண்டரைப் போட்டியில் கருவிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள், காற்று நிரப்பிக் கொடுக்கக் கிளப்பும் மறுக்கலாம். புதுச் சிலிண்டருக்கு ஆகும் தொகையை முதலில் விசாரித்துக்கொண்டு, அதைக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.